ஷோகேஸ்ல ஒரு தட்டு காலி: எந்தப் பழைய கண்ணாடி வாங்கலாம்?

அக்கா பொண்ணு போன மாசம்தான் பம்பாய் முலுண்ட்ல புது ஃபிளாட்டுக்குக் குடி போனா. ஹால்ல கார்பெண்டர வெச்சு நாலு தட்டு ஷோகேஸ் ஒண்ணு பண்ணிருக்கா, கண்ணாடிக் கதவு போட்டு, மேக்கு பாத்த ஜன்னலுக்கு நேர் எதிர்ல. மூணு தட்டு ரொம்பிடுச்சு, கொலு பொம்மை, மாப்ளையோட ட்ராபி, குழந்தை ஃபோட்டோன்னு. மேல இருந்து ரெண்டாவது தட்டு மட்டும் காலி. "சித்தி, அதுல பழைய கண்ணாடி சாமானா வெக்கணும், கையில 30,000 இருக்கு, ஒரே ஒரு நல்ல பீஸா வாங்கவா, இல்ல சின்னச் சின்னதா நாலஞ்சு வாங்கவா, எதை வாங்குறது, எங்க வாங்குறது"ன்னு ஃபோன்ல கேட்டா. நான் சயான்ல இருந்துக்கிட்டு 17 வருஷமா இதைத்தான் சேத்துட்டு இருக்கேன், அவளுக்கு ஃபோன்ல ஒரு மணி நேரம் சொன்னதையே இங்கயும் எழுதிடறேன், இதே கேள்வி நிறைய பேருக்கு இருக்கும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எந்த ஊரு, எந்தக் கம்பெனின்னு ஆரம்பிக்காதீங்க, உங்க தட்டுல இருந்து ஆரம்பிங்க. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது, எத்தனை மணிக்கு வருது, தட்டு உயரம் எவ்ளோ, வீடு சொந்தமா வாடகையா, ரெண்டு வருஷத்துல வெளிநாடு போற பிளான் இருக்கா. கண்ணாடிங்கறது வெளிச்சத்த வாங்கித் திருப்பித் தர்ற சாமான், இருட்டு மூலைல வெச்சா 50,000 ரூபா பீஸும் பழைய ஊறுகா பாட்டில் மாதிரிதான் தெரியும். அவளோட தட்டு 13 இஞ்ச் உயரம், சாயங்காலம் நாலு மணில இருந்து ஆறு மணி வரைக்கும் நேரா வெயில் அடிக்கும். இந்த ரெண்டு விஷயம் தெரிஞ்ச உடனே எனக்குப் பாதி பதில் வந்துடுச்சு.

அவ மனசுல இருந்தது பேர் பெத்த பீஸ். லாலிக், கால்லே, மொரானோ, இன்ஸ்டால பாத்துட்டு வந்த பேருங்க. அதனால மொதல்ல அதையே எடுத்துக்கறேன்.

ரெனே லாலிக் ஃபிரான்ஸ் கண்ணாடிக் கலைஞர், 1945ல இறந்தாரு. அவரு உயிரோட இருந்த காலத்துல வந்த பீஸ்ல பொதுவா பேருக்கு முன்னாடி ஆர் எழுத்து இருக்கும், அப்புறம் வந்ததுல வெறும் லாலிக், ஃபிரான்ஸ்னு இருக்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அதுதான் பிரச்சனையே, ஏன்னா சும்மா ஒரு பனி படிஞ்ச மாதிரி கண்ணாடி ஜாடில அந்த ஆர் எழுத்தோட பேரக் கீறி விட்டா விலை பத்து மடங்கு ஏறிடும். கால்லே இன்னும் மோசம். எமில் கால்லேயும் ஃபிரான்ஸ்தான், நான்சி ஊர்க்காரரு, 1904ல போயிட்டாரு, கலர் மேல கலரா அடுக்கி ஆசிட்ல அரிச்சு எடுக்கற கேமியோ வேலைக்குப் பேர் போனவரு. இப்ப ருமேனியால அதே ஸ்டைல்ல பண்றாங்க, அதுல கால்லே பேருக்குப் பக்கத்துல டிப்னு மூணு எழுத்து இருக்கும், அந்த மாதிரின்னு அர்த்தம். கொண்டு வந்து விக்கறவங்க அந்த மூணு எழுத்த மட்டும் தேச்சு எடுத்துடறாங்க, அந்த எடத்துல விரல வெச்சுத் தடவினா சின்னதா ஒரு பள்ளம், ஒரு மழமழப்பு தெரியும். தெரிஞ்ச விரலுக்குத்தான் தெரியும்.

மொரானோ வேற கதை. வெனிஸ்ல தீப்பிடிக்குமோன்னு பயந்து 1291ல உலைய எல்லாம் பக்கத்துத் தீவுக்கு மாத்தினாங்க, அதுதான் மொரானோ. வெனினி கம்பெனி 1921ல ஆரம்பிச்சது, அவங்களோட கைக்குட்டை மாதிரி மடிஞ்ச ஜாடி 1940கள் கடைசில வந்தது, உலகம் பூரா அதைக் காப்பி அடிச்சாங்க. பம்பாய்ல எந்தக் கடைல கலர் கலரா கனமா ஒரு ஜாடியக் காமிச்சாலும் "மேடம், மொரானோ"தான். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஸ்டிக்கர் ஒட்டறது ரொம்ப ஈஸி. பேரு இல்லாட்டியும் பரவால்ல, கலருக்குள்ள கலர் முங்கி இருக்கற அழகுக்காக வாங்கறேன்னா தாராளமா வாங்குங்க, ஆனா மொரானோ விலை குடுக்காதீங்க.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானே ஒரு இடத்துல (பேரு வேண்டாம், ஆன்லைன்ல விக்கறவங்க) கையெழுத்து போட்ட ஃபிரெஞ்ச் ஜாடின்னு 22,000 குடுத்து வாங்கினேன். பார்சல் வந்து கையில எடுத்தவுடனே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அடியில தேய்மானமே இல்ல, கையெழுத்து மட்டும் புதுசா வெள்ளையா இருந்துச்சு. திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல எனக்கு. பணம் போனதவிட, நான் கண்ணால பாக்காம பேர வாங்கிட்டேனேங்கற வருத்தம். அதனாலதான் சொல்றேன், முதல் 30,000 ரூபாய பேருக்குக் குடுக்காதீங்க. முப்பது நாப்பது பீஸ் கையில தூக்கிப் பாத்ததுக்கு அப்புறம் வாங்கிக்கலாம்.

அடுத்து அவ கேட்டது தொங்க விடற ஹண்டி. ராஜஸ்தான் ஹவேலிலயும் பழைய கோயில் மண்டபத்துலயும் பாத்திருப்பீங்க, கவுத்த மணி மாதிரியோ குடம் மாதிரியோ கலர் கண்ணாடி, மூணு சங்கிலி, மேல பொக படியாம இருக்க சின்னதா ஒரு கண்ணாடிக் குடை. செட்டிநாட்டு வீடுகள்லயும் இருக்கும், நம்ம ஆளுங்க மொத்தமா பெல்ஜியம் கண்ணாடின்னுதான் சொல்லுவாங்க. நெஜமாவே பெல்ஜியத்துல வால் செயின்ட் லம்பேர்னு 1826ல ஆரம்பிச்ச பெரிய ஃபேக்டரி இருந்தது, ஆனா இந்தியாவுக்கு வந்ததுல பொஹீமியாவும் (இப்ப செக் நாட்டுல இருக்கு) இங்கிலாந்தும் நிறைய. பர்மிங்காம் ஆஸ்லர் கம்பெனிக்கு 1840கள்லயே கல்கத்தால கடை இருந்துச்சு, ராஜாக்களுக்காகக் கண்ணாடியிலேயே நாற்காலி மேஜை எல்லாம் பண்ணிக் குடுத்தாங்க. லண்டன்ல 1851ல நடந்த மகா கண்காட்சில நடுவுல நின்ன கண்ணாடி நீரூற்று இவங்க பண்ணதுதான்.

ஹண்டில நல்லது கெட்டது பாக்கறது ஓரளவு ஈஸி. பழைய பொஹீமியன் வேலைல வெள்ளைக் கண்ணாடி மேல மெல்லிசா ஒரு சிவப்போ நீலமோ தோல் மாதிரி போட்டு, அத வெட்டி வெட்டிப் பூ வரைஞ்சிருப்பாங்க, வெட்டின எடத்துல வெள்ளை தெரியும், வெட்டு ஓரத்துல கலர் கத்தி மாதிரி சுத்தமா நிக்கும். புதுசா பண்றதுல சில பேரு வெறும் பெயிண்ட அடிச்சு விடறாங்க, கழுத்துக்கிட்ட நகத்தால சுரண்டினாலே வந்துடும். பித்தளை வளையமும் பாருங்க, பழசு கனமா கொஞ்சம் கறுத்து இருக்கும், புதுசு தகரம் மாதிரி மெல்லிசா மஞ்சளா பளபளன்னு இருக்கும்.

ஆனா அவ வீட்டுக்கு நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சீலிங் ஒம்பதடி, ஹால் நடுவுல ஃபேன், ஹண்டி தொங்கினா ஃபேன் காத்துல ஆடிக்கிட்டே இருக்கும், சங்கிலி கொக்கி தேயும். ஜன்னல்கிட்ட போட்டா புறா. பம்பாய்ல புறா வராத ஜன்னல் எங்க இருக்கு? சொந்த வீடு, பத்தடிக்கு மேல சீலிங், பால்கனி உள்பக்கமா ஒரு மூலை, இப்படி இருக்கறவங்க மட்டும் வாங்குங்க, உள்ள குண்டு பல்பு போடாம எல்இடி போடுங்க, சூடு ஏறி ஏறி இறங்கினா பழைய கண்ணாடி ஒரு நாள் சொல்லாம கொள்ளாம விரிஞ்சுடும்.

கட் கிளாஸ் பத்தி. டிகேண்டர் (மது ஊத்தி வெக்கற மூடி போட்ட கண்ணாடி பாட்டில்), பழத்தட்டு, கிண்ணம், வெள்ளையா வைரம் மாதிரி வெட்டினது. பழைய பார்ஸி வீடுகள்ல இருந்து நிறைய வெளிய வருது. தூக்கினா கனம், விரல் நகத்தால சுண்டினா கோயில் மணி மாதிரி கொஞ்ச நேரம் ரீங்காரம் நிக்கும், அது ஈயம் சேத்த கண்ணாடி, லெட் கிறிஸ்டல்னு சொல்லணும்னா 24 சதவீதமாவது ஈய ஆக்சைடு இருக்கணும். இங்கிலாந்துல ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674ல பேடண்ட் வாங்கினதுல இருந்து இந்த வகை நடந்து வருது. ஈயம் இருக்கறதால அதுல மது, ஜூஸ், ஊறுகா எதையும் ஊத்தி நாள் கணக்கா வெக்காதீங்க, அழகுக்கு வெக்கலாம். வெட்டினதா அச்சுல அழுத்தினதான்னு தெரிஞ்சுக்க, ஓரத்த லேசா தடவுங்க: வெட்டினது சுருக்குன்னு இருக்கும், அச்சு மழுங்கி இருக்கும், பக்கவாட்டுல மேல இருந்து கீழ ஒரு கோடு ஓடும், அது அச்சு சேர்ற எடம்.

டிகேண்டர்ல மூடிய மாத்தி வெச்சு விக்கறது சர்வ சாதாரணம். பழைய நல்ல செட்ல மூடிக்கு அடியிலயும் கழுத்து விளிம்புலயும் ஒரே நம்பரச் சின்னதா கீறி வெச்சிருப்பாங்க, பட்டறைல கலந்துடக் கூடாதுன்னு. நம்பர் ஒத்துப் போனா வாங்கற ஆளுக்கு அதைவிட சந்தோஷம் இல்ல. இன்னொண்ணு, உள்ள வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி இருந்தா கடைக்காரரு "தோத்தா போயிடும்"பாரு. உப்புத் தண்ணிக் கறையா இருந்தா வினிகர்ல போயிடும், ஆனா தண்ணி வருஷக்கணக்கா நின்னு கண்ணாடியே அரிச்சுப் போயிருந்தா எதுலயும் போகாது. அங்கயே கொஞ்சம் தண்ணி ஊத்தி ஆட்டிப் பாருங்க: நனைஞ்சா தெளிவாகும், காஞ்சா திரும்ப வெள்ளையாகும், அப்படின்னா பெரும்பாலும் அரிப்புதான். நான் முதல் வருஷத்துல இப்படி ரெண்டு டிகேண்டர் வாங்கி ரெண்டும் இன்னும் மங்கலாத்தான் இருக்கு.

கட் கிளாஸுக்கு நேர் வெயில் ரொம்ப நல்லா இருக்கும், சுவர் முழுக்க வானவில் துண்டு துண்டா விழும். ஆனா ஒரு எச்சரிக்கை, உருண்டையா கெட்டியா இருக்கற கண்ணாடி, பேப்பர்வெயிட், பந்து மாதிரி மூடி, இதெல்லாம் மேக்கு வெயில்ல லென்ஸ் மாதிரி வேலை செய்யும், பக்கத்துல துணி பேப்பர் இருந்தா பொசுங்கும். இது கதை இல்ல, நிஜமாவே வீடு தீப்பிடிச்சிருக்கு இதனால. அவ ஷோகேஸ்ல கீழ்த்தட்டுல பட்டுத் துணி விரிச்சிருக்கா, அதனால உருண்டை எதுவும் அந்தத் தட்டுல கூடாதுன்னு ஆர்டராவே சொல்லிட்டேன்.

யுரேனியம் கிளாஸ் கேட்டு இப்ப நிறைய சின்னப் பசங்க வர்றாங்க, யூவி டார்ச் அடிச்சா இருட்டுல பச்சையா எரியும்ல, வீடியோ எடுக்க நல்லா இருக்கும். கண்ணாடிக் குழம்புல கொஞ்சம் யுரேனியம், சாதாரணமா எடைல 2 சதவீதம் மாதிரி. பொஹீமியால யோசப் ரீடல் 1830கள்ல ரெண்டு கலர் பண்ணாரு, மஞ்சள் ஒண்ணு பச்சை ஒண்ணு, மஞ்சளுக்கு அன்னாங்கற பேர்ல அன்னாகெல்ப்னு வெச்சாரு. ரெண்டாம் உலகப் போர்ல யுரேனியம் எல்லாம் குண்டுக்குப் போயிட்டதால அமெரிக்கால 1943ல இருந்து 1958 வரைக்கும் கண்ணாடிக்குக் குடுக்கல. ஷோகேஸ்ல வெக்கறதுக்கு பயப்பட வேண்டியதில்ல, கதிர் ரொம்பக் கம்மி, அதுல சாப்பிடாதீங்க குடிக்காதீங்க, அவ்ளோதான். டார்ச் அடிச்சு லேசா மங்கலா பச்சை தெரிஞ்சா அது மாங்கனீஸா இருக்கலாம், யுரேனியம்னா சந்தேகமே இல்லாம பளிச்சுன்னு எரியும்.

அதோட கூட அமெரிக்க டிப்ரஷன் கிளாஸ்னு சொல்றாங்க, 1930கள் பஞ்ச காலத்துல மிஷின்ல அச்சடிச்ச பச்சை, ரோஸ் கலர் தட்டு கப்பு, ஓட்ஸ் டப்பாக்குள்ள இனாமா போட்டுக் குடுத்தது. அழகுதான், ஆனா இங்க அது அபூர்வமாத்தான் என் கண்ணுல பட்டிருக்கு, வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சாமான் விலையவிட கூரியர் விலை ஜாஸ்தி. ரோஸ் கலர் யுரேனியம் இல்ல, அதையும் யுரேனியம்னு சொல்லி விக்கறவங்க உண்டு. நமக்குக் கெடைக்கறது அதிகமா இங்கிலாந்து, செக் பீஸுங்க. இங்கிலாந்து சாமானுக்கு ஒரு நல்ல வசதி இருக்கு, டிசைன் ரெஜிஸ்டர் பண்ணியிருந்தா 1842ல இருந்து 1883 வரைக்கும் டயமண்ட் மாதிரி ஒரு முத்திரை, 1884ல இருந்து ஆர்டின்னு போட்டு நம்பர். அந்த நம்பர வெச்சு டிசைன் எந்த வருஷம் பதிவாச்சுன்னு கண்டுபிடிச்சுடலாம். கேட்ஸ்ஹெட் ஊர் சோவர்பி கம்பெனி மயில் தலை அச்சு போடும். அடியில செக்கோஸ்லோவாகியான்னு இருந்தா அந்த நாடே 1918ல பொறந்து 1992 கடைசில பிரிஞ்சது, அப்ப அது 100 வருஷம் முன்னாடின்னு சொல்றது பெரும்பாலும் பேச்சுக்குத்தான். வெஸ்ட் ஜெர்மனின்னா 1949க்கு அப்புறம். இதெல்லாம் ஒரு தடவை மனப்பாடம் பண்ணிட்டா கடைல தைரியமா பேசலாம்.

எனக்கு இதுல இருக்கற ஒரே தயக்கம், யுரேனியம் கிளாஸோட அழகு யூவி வெளிச்சத்துலதான் முழுசா தெரியும், நாள் பூரா அது வெறும் இளமஞ்சப் பச்சை. ஷோகேஸுக்குள்ள யூவி பட்டி ஒட்டி வீட்ட டிஸ்கோ மாதிரி ஆக்கணும்னு அவளுக்கும் ஆசை இல்ல. அதனால ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்.

இப்ப நான் மனசார சொல்ற விஷயத்துக்கு வரேன், கார்னிவல் கிளாஸ்.

மழை பெஞ்ச ரோட்ல பெட்ரோல் சிந்தினா ஒரு வானவில் ஓடும்ல, அந்தக் கலரோட இருக்கற கண்ணாடி. அச்சுல அழுத்தின கண்ணாடி இன்னும் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே தகரம், இரும்பு மாதிரி உலோக உப்புக் கரைசல மேல தெளிப்பாங்க, மயிரிழைய விட மெல்லிசா ஒரு படலம் படியும், அதுல வெளிச்சம் பட்டு மடங்கி வர்றதுதான் அந்த ஊதா, பச்சை, தங்கம் எல்லாம். டிஃபனி கம்பெனி கைல ஊதிப் பண்ணி பணக்காரங்களுக்கு வித்தத, அமெரிக்கால மேற்கு வர்ஜீனியா ஃபென்டன் கம்பெனி 1908 வாக்குல அச்சுல அடிச்சு சாதாரண ஜனங்களுக்கு வித்தது, அப்புறம் திருவிழாக் கடைகள்ல பரிசாக் குடுத்ததால கார்னிவல்னு பேரு பின்னாடி ஒட்டிக்கிச்சு.

நம்ம நாட்டுலயே இது பண்ணாங்கங்கறது எத்தனை பேருக்குத் தெரியும்? உத்தரப் பிரதேசத்துல ஃபிரோசாபாத், வளையல் ஊரு, அங்க ஜெயின் கிளாஸ் வொர்க்ஸ்னு ஒரு ஃபேக்டரி. சாமந்திப்பூ ஆரஞ்சுல ஒல்லியா உயரமா ஜாடி ஜாடியா பண்ணாங்க. தும்பிக்கைய தூக்கின யானை சுத்தி நிக்கற ஜாடி, மீன் வளைஞ்சு சுத்தியிருக்கற ஜாடி, ஒரு கை ஜாடியப் பிடிச்சிருக்கற மாதிரி ஜாடி, சிலதுல பாதி பளபளப்பு பாதி பனி மாதிரி மேட். நிறைய பீஸ்ல அடியில இங்கிலீஷ்ல ஜெயின்னு எழுத்து கண்ணாடியோட கண்ணாடியா எழும்பி இருக்கும். அமெரிக்கா, ஆஸ்திரேலியால எல்லாம் சேக்கறவங்க இந்த ஜாடிய தேடித் தேடி வாங்குறாங்க, நம்ம வீடுகள்ல பிளாஸ்டிக் ரோஜா சொருகி வெச்சுட்டு பில்டிங் ரீடெவலப்மெண்ட் வரும்போது பேப்பர்காரன்கிட்ட போட்டுடறாங்க. எனக்கு முதல் ஜாடி அப்படித்தான் வந்தது, மாட்டுங்கால எங்க பழைய பில்டிங்ல மூணாவது மாடி மாமி வீட்ட காலி பண்றப்ப "இந்தா, ஒனக்குப் புடிக்கும்"னு கையில குடுத்த மீன் ஜாடி. அடியில இருந்த அந்த எழுத்த நான் படிச்சது மறுநாள் காலைலதான்.

ஏன் அவளுக்கு இதுன்னா, மொதல் காரணம் வெளிச்சம். சாயங்கால மேக்கு வெயிலுக்கு ஆரஞ்சுக் கார்னிவல் மாதிரி பொருந்தறது வேற எதுவுமே இல்ல, ஏற்கனவே தங்க நிறமா வர்ற வெயில் மேல பட்டா ஜாடி உள்ள விளக்கு போட்ட மாதிரி இருக்கும். ரெண்டாவது, நான் பாத்த வரைக்கும் இந்த ஜாடிங்க நிறைய 13 இஞ்ச்சுக்குள்ளதான், தட்டுல நிக்கும். மூணாவது விலை, நான் கடைசியா வாங்கின யானை ஜாடி 2,800, மூளி ஏதும் இல்லாம. அவ காசுக்கு மூணு நாலு வாங்கி மிச்சமும் இருக்கும். நாலாவது, ஏமாந்தாலும் பெருசா ஏமாற மாட்டோம், விலை கம்மியான பொருளுக்கு நகல் பண்ணி ஒருத்தனுக்கு என்ன லாபம்? புதுசா பளபளப்பு ஏத்தின ஜாடிங்க வருது, இல்லன்னு சொல்லல, அதுல கலர் அடி வரைக்கும் ஒரே சீரா ஸ்ப்ரே அடிச்ச மாதிரி இருக்கும், அடியில தேய்மானம் இருக்காது. பழசுல அடி வளையத்துல எல்லாப் பக்கமும் போற பொடிப்பொடிக் கீறல் இருக்கும், வருஷக்கணக்கா தூக்கித் தூக்கி வெச்ச அடையாளம். கீறல் எல்லாம் ஒரே பக்கமா ஓடினா யாரோ உப்புத்தாள்ல தேச்சிருக்காங்க.

குறையும் இருக்கு. அச்சுக் கண்ணாடிங்கறதால வேலை சொரசொரப்பா இருக்கும், குமிழி இருக்கும், சிலது லேசா சாஞ்சு நிக்கும். கட் கிளாஸ் பக்கத்துல வெச்சா கிராமத்துப் பொண்ணு மாதிரி தெரியும். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு, எல்லாருக்கும் பிடிக்கணும்னு இல்ல. படலம் மெல்லிசுங்கறதால ஸ்காட்ச் பிரைட் போட்டுத் தேச்சா கலர் போயிடும், வினிகர், புளி, எலுமிச்சம்பழம் எதுவும் பக்கத்துல வரக்கூடாது. வேலைக்கு வர்ற பாயி கழுவிட்டா மொத்தமும் போச்சு, அதனால இத நாமளே கழுவணும், பிளாஸ்டிக் டப்புல டவல் விரிச்சு, வெதுவெதுன்னு தண்ணி, ரெண்டு சொட்டு லிக்விட், கையால. குழாய்க்கு அடியில காட்டாதீங்க, குழாய் மூக்குல இடிச்சுத்தான் பாதி ஜாடி மூளியாகுது.

கண்ணாடி ஓவியமும் கேட்டா, தஞ்சாவூர்ப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னாடி வரையறது, காரைக்குடில முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள்ல தொங்கும். மனசுக்கு ரொம்ப நெருக்கமானதுதான், எங்க ஆச்சி வீட்டு கிருஷ்ணர் இன்னும் கண்ணுல நிக்குது. ஆனா பெயிண்ட் கண்ணாடில வெறுமன ஒட்டிட்டு இருக்கு, பம்பாய் மழைக்காலத்துல நாலு மாசம் ஈரம், செதில் செதிலா உரியும், மேக்கு வெயில் வேற. இந்தச் சுவருக்கு அது வேண்டாம், பூஜை ரூம் உள்சுவர்னா யோசிக்கலாம்.

ஈரம்னு சொன்னதும் ஒண்ணு, பழைய கண்ணாடிக்கு வர்ற ஒரு வியாதி இருக்கு, உப்புச் சத்து வெளிய கசிஞ்சு பிசுபிசுன்னு வேர்க்கும், கொஞ்ச நாள்ல உள்ள மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடும். தொட்டா வழுக்கற மாதிரி பிசுக்கு இருக்கற பீஸ வாங்காதீங்க. ஷோகேஸ் கதவு காத்துப் போகாம இறுக்கமா இருந்தா ஜூலைல வாரம் ஒரு தடவை வெயில் அடிக்கற நாளாப் பாத்துத் திறந்து விடுங்க. ரயில் லைன் பக்கத்து வீடுன்னா கண்ணாடித் தட்டுல கண்ணாடி சாமான் அதிர்வுல கொஞ்சம் கொஞ்சமா நகரும், சயான்ல எங்க வீட்டுல ஒரு கிண்ணம் ரெண்டு மாசத்துல ஓரத்துக்கே வந்துடுச்சு. அடியில மியூசியம் வாக்ஸ், அதாவது சாமான் நகராம பிடிச்சு வெக்கற மெழுகு, பட்டாணி அளவு நாலு எடத்துல வெச்சா போதும்.

எங்க வாங்குறதுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, கையில எடுத்துப் பாக்கற எடத்துலதான். சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட். ஷோர் பஜார், அதாவது சத்தக் கடைத்தெருதான் சோர் பஜார் ஆயிடுச்சுன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. வெள்ளிக்கிழமை அந்தக் கடைங்க லீவு, அன்னிக்குக் காலைல ரோட்லயே பழைய சாமான் சந்தை போடுவாங்க, அதுல கூட்டம் ஜாஸ்தி, கண்ணாடிக்கு அது சரிப்படாது. சனிக்கிழமை காலைல கடை திறந்த நேரம் போங்க. கேட்ட விலைல பாதில இருந்து பேச ஆரம்பிக்கலாம், ஆனா மரியாதையா பேசுங்க, "பாய், இதுல மூளி இருக்கே"ன்னு எடத்தக் காட்டிப் பேசினா அவங்களும் இறங்கி வருவாங்க. விளிம்ப சுத்தி விரல ஓட்டுங்க, கண்ணு தவற விடறத விரல் பிடிச்சுடும். ஜோகேஸ்வரி ஓஷிவாரா மார்க்கெட்ல ஃபர்னிச்சர்தான் அதிகம், நடுவுல கண்ணாடியும் இருக்கும், ஆனா விலை அலங்காரம் பண்றவங்களுக்கு ஏத்த மாதிரி. ஏலத்துல வாங்கினா அடிச்ச விலைக்கு மேல ஏலக் கம்பெனி கமிஷனும் வரியும் சேரும், அதைச் சேத்துக் கணக்குப் போட்டுட்டுக் கையத் தூக்குங்க. எல்லாத்தையும் விட நல்லது தெரிஞ்ச வீடு, மாட்டுங்கா, செம்பூர், தாதர் பார்ஸி காலனின்னு பழைய பில்டிங் இடிபடும்போது விசாரிச்சுட்டே இருங்க, நியாயமான விலை குடுங்க, அவங்க அருமை தெரியாம குடுத்தாலும்.

மாப்ளைக்கு சிங்கப்பூர் மாத்தல் வரலாம்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு, அதையும் கணக்குல எடுக்கணும். 1972 சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல பழமையான கலைப் பொருள தனி ஆள் நாட்ட விட்டு வெளிய கொண்டு போக முடியாது, அதுக்கு உள்ள வராதுன்னு தொல்லியல் துறை சர்டிஃபிகேட் வாங்கித்தான் கஸ்டம்ஸ தாண்டணும். பழைய ஹண்டி, விக்டோரியா காலத்து டிகேண்டர் எல்லாம் அதுல மாட்டும். நடு நூற்றாண்டு ஃபிரோசாபாத் ஜாடிக்கு இன்னும் அந்த வயசு ஆகல.

ஆக நான் சொன்ன கணக்கு, கார்னிவல் ஜாடி மூணு, நல்லா வெட்டின சின்ன கட் கிளாஸ் கிண்ணம் ஒண்ணு, கெடைச்சா ஆர்டி நம்பர் போட்ட யுரேனியம் பீஸ் ஒண்ணு, மிச்சம் பத்தாயிரம் இருந்தா அத அப்படியே வெச்சிருக்கட்டும், எதிர்பாராம ஒண்ணு கண்ணுல பட்டா வாங்க. அவ இன்னும் ஹண்டிய விடல, "படுக்கை ரூம்ல ஃபேன் இல்லாத மூலை ஒண்ணு இருக்கு சித்தி"ங்கறா. டேப் எடுத்து அளந்து சொல்லுன்னுட்டேன். வர்ற சனிக்கிழமை பதினோரு மணிக்கு கிராண்ட் ரோடு ஸ்டேஷன்ல பாக்கறோம், யூவி டார்ச்சும் தண்ணி பாட்டிலும் நான் கொண்டு போறேன், சுத்திக் கொண்டு வர ரெண்டு பழைய டர்க்கி டவல் அவ எடுத்துட்டு வர்றா.